பக்கத்து கம்பெனியோடு போட்டியும் கூட்டும்: திருப்பூரில் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமான அறிவுரைகளைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். "இங்கே யாரையும் நம்பாதே, ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்" என்பது ஒன்று. "இங்கே எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி, கேட்டால் கை கொடுப்பார்கள்" என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். காலையில் உங்களுக்கு நான்கு கோன் தையல் நூலைக் கைமாற்றாகக் கொடுத்தவரே மாலையில் உங்கள் பையரிடம் (ஆர்டர் கொடுத்து வாங்குபவரிடம்) பீசுக்கு இரண்டு ரூபாய் குறைத்து விலை சொல்வார். அதில் துரோகம் எதுவும் இல்லை. அவர் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறார், அவ்வளவுதான். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் புதியவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே மனம் கசந்து போகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

இந்த ஊரின் அமைப்பே பக்கத்துக் கம்பெனியின் தயவில்லாமல் இயங்க முடியாதபடி இருக்கிறது. நூல் ஒரு மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் இன்னோரிடம், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங் வேறோரிடம். கட்டிங் உங்கள் மேஜையில் நடந்தால், பிரிண்டிங் எங்கோ, எம்பிராய்டரி எங்கோ, தையலில் ஒரு பகுதி கூலிக்குத் தைக்கும் பவர் டேபிளில், காஜா பட்டன் தெருமுனையில். பெரிய சில நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கின்றன. மற்றவர்கள் எல்லோரும் ஒரே சாயப்பட்டறையின் வாசலில், ஒரே பிரிண்டரின் வரிசையில், உங்கள் போட்டியாளரோடு தோள் உரச நிற்பவர்கள்தான். அவரைத் தவிர்க்க முடியாது. எதில் மோதுவது, எதில் சேர்வது, எதைப் பற்றிப் பேசவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுதான் ஒரே வழி.

முதலில், போட்டியாளர் யார் என்று பாருங்கள்

ஒரே பொருள் செய்பவரெல்லாம் போட்டியாளர் என்று நினைக்காதீர்கள். நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். உங்கள் பையரையே குறிவைப்பவர் ஒருவர். உங்கள் டெய்லரைக் குறிவைப்பவர் இன்னொருவர். சாயப்பட்டறையிலும் பிரிண்டிங்கிலும் உங்கள் முறையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகக்கூடியவர் மூன்றாமவர். இவர்கள் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

நீங்கள் ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் உடை செய்கிறீர்கள், எதிர்வீட்டுக்காரர் உள்நாட்டுச் சந்தைக்கு ஆண்கள் உள்ளாடை செய்கிறார் என்றால், பையர் விஷயத்தில் அவர் உங்களுக்குப் போட்டியே இல்லை. அவரிடம் ஆர்டரைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். ஆனால் இருவருக்கும் வேண்டியது துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் அதே ஓவர்லாக் டெய்லர். தீபாவளிக்கு முன்னால் உள்நாட்டு வேலை உச்சத்துக்குப் போகும்போது, உங்கள் ஆளுக்கு அங்கே பீசுக்குக் கூடுதல் கூலி கிடைக்கும். மாறாக, அவிநாசி ரோட்டில் உங்களைப் போலவே குழந்தைகள் உடை செய்யும் ஒருவர் பையருக்கு நேரடிப் போட்டி. ஆனால் தள்ளி இருப்பதால் ஆள் விஷயத்தில் அவரால் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது.

முதல் இரண்டு மூன்று மாதங்களில் உங்களைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி இப்படி ஒரு தாள் எழுதிவிடுங்கள். யாருடன் எதில் மோதல், எதில் மோதல் இல்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். ஒருவரோடு ஒரு விஷயத்தில் மட்டும்தான் மோதல் என்று தெரிந்த பிறகு மற்ற விஷயங்களில் அவரோடு சேர்வதற்குத் தயக்கம் இருக்காது.

பகிரலாம், பகிரக் கூடாது

பையர் கையில் எடுத்துப் பார்த்துக் காசு கொடுக்கும் எதையும் பகிராதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரியாத எதையும் பகிரலாம். நடைமுறையில் இந்த ஒரு அளவுகோல் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்த சீசன் சாம்பிள், பிரிண்ட் டிசைன், துணியின் கலவை, செலவைக் கணக்கிட்ட காஸ்டிங் தாள், பையரின் ஆபீசில் யார் முடிவெடுக்கிறார் என்ற விவரம் ஆகியவை உங்களோடு இருக்க வேண்டும். நல்ல மெக்கானிக் யார், எந்தப் பட்டறையில் இந்த வாரம் மெஷின் காலியாக இருக்கிறது, வரி விதி என்ன மாறியிருக்கிறது, சுங்கத்தில் எந்தக் காகிதத்துக்குத் தாமதம் ஆகிறது, எந்த மில் நூலில் இந்த மாதம் தடிப்பு மெலிவு வருகிறது ஆகியவற்றைச் சொல்லிவிடலாம். சொன்னால்தான் உங்களுக்கும் திரும்பி வரும். நூல் விவரம் குறிப்பாக முக்கியம். மில்கள் மாதத் தொடக்கத்தில் விலை அறிவிக்கும் வழக்கம் இருப்பதால் விலை எல்லோருக்கும் தெரியும்; தரத்தில் வரும் கோளாறுதான் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பக்கத்தில் ஒருவர் துணியில் பட்டை விழுகிறது என்று ஒரு வார்த்தை முன்னால் சொன்னால் ஒரு சாய லாட்டே (ஒரே தடவையில் சாயம் ஏற்றும் துணி) தப்பிக்கும்.

பணம் தராமல் இழுத்தடிக்கும் ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் உங்களுக்கு நடந்ததை மட்டும், தேதியோடும் தொகையோடும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லாதீர்கள். எல்லோரும் சேர்ந்து அவருக்குச் சரக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொருவரும் தகவலைக் கேட்டுவிட்டுத் தனித்தனியே முடிவெடுப்பது வேறு, கூடிப் பேசி ஒதுக்கிவைப்பது வேறு.

சிறிய கைமாற்றில் தொடங்குங்கள்

புதிதாக வந்தவர் முதல் நாளே போய் "நாம் சேர்ந்து ஆர்டர் எடுக்கலாமா அண்ணா" என்று கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். நூல் கோன், ஊசிப் பெட்டி, பிளாட்லாக் மெஷினின் லூப்பர், துணியின் எடை பார்க்க வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டர் என்று சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலில்தான் பழக்கம் வரும். முதலில் கொடுப்பவராக இருங்கள். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: வாங்கியதே திரும்ப வேண்டும் (நூலின் தடிமனைச் சொல்லும் அதே டிக்கெட் எண், அதே நிற எண்), கேட்பதற்கு முன்பே திரும்ப வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டு கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். இந்த ஊரில் சொந்த மாமனுக்கும் மச்சானுக்கும் இடையிலேயே சீட்டு உண்டு. உறவு கெடாமல் இருப்பதற்கே அந்தச் சீட்டு.

ரோட்டில் ஏறும் எந்தச் சரக்குக்கும் டெலிவரி சலான் (சரக்கோடு போகும் விவரச் சீட்டு) போடுங்கள், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி.

ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கும்போது

கூட்டு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முப்பதாயிரம் பீஸ் போலோ டிஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, நேவி, கிரே மெலாஞ்ச் என்று மூன்று நிறங்கள். தையலுக்கு இருப்பது மூன்று வாரம். உங்கள் தையல் லைனில் நாளுக்கு ஆயிரம் பீஸ்தான் வரும். ஞாயிறு போனால் பதினெட்டாயிரம். மீதிப் பன்னிரண்டாயிரத்தைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

மற்ற எதற்கும் முன்னால் பையரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தணிக்கை செய்யப்படாத இடத்தில், தங்களுக்குத் தெரியாமல் தையல் நடந்தது என்று தெரிந்தால் பல பையர்கள் உறவையே முறித்துக்கொள்வார்கள். ஆர்கானிக் சான்றிதழ் உள்ள ஆர்டரானால் தைத்துக் கொடுக்கும் இடமும் அந்தச் சான்றிதழின் வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு முழுவதும் சாதாரணச் சரக்காகிவிடும். அனுமதி கேட்டால் பக்கத்துக் கம்பெனியின் பெயர் பையருக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தெரியட்டும் என்பதே என் கருத்து. மறைத்துச் செய்து மாட்டிக்கொண்டால் போவது ஒரு ஆர்டர் அல்ல, பையரே. அந்தப் பன்னிரண்டாயிரம் பீஸ் செய்து கொடுப்பவர் இந்த சீசன் முடியும்வரை இதே பொருளுக்கு இதே பையரை நேரடியாக அணுகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அதனால் வருடக்கணக்கில் தடை எழுதாதீர்கள். வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும், அந்தப் பொருளுக்கு மட்டும் என்று சுருக்கமாக எழுதுங்கள். நியாயமான வாக்கைத்தான் நாணயமுள்ளவர் காப்பாற்றுவார்.

அடுத்தது, எதைப் பிரிப்பது? சைஸ் வாரியாகப் பிரிக்காதீர்கள், நிற வாரியாகப் பிரியுங்கள். கறுப்பில் பாதி உங்களிடம், பாதி அவரிடம் என்றால் ஒரே நிறத்தில் இரண்டு கை தெரியும். காலர் திரும்பும் விதம், கழுத்தில் பட்டன் வரும் பட்டையான பிளாக்கெட்டின் முனை, பட்டன் இடைவெளி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். நேவி முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, போதவில்லை என்றால் கிரேயில் ஒரு தனிச் சாய லாட்டை முழுதாகக் கொடுங்கள். உடம்புத் துணியும் காலர் ரிப்பும் ஷேடு பொருந்துகிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, லைட் பாக்ஸில் ஒருமுறை பார்த்து, பொருந்திய ஜோடியைச் சேர்த்தே அனுப்புங்கள்.

கட்டிங்கை உங்கள் மேஜையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் உங்களிடம் இருக்கும். துணிக் கணக்கும் உங்களிடம் இருக்கும். வெட்டிய துண்டுகளை எண் ஒட்டி, கட்டுக் கட்டாக, ஒவ்வொரு கட்டிலும் சீட்டு வைத்து அனுப்புங்கள். கூடவே பையர் கையெழுத்திட்ட சாம்பிளின் மறுபிரதி, அளவுத் தாள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற குறிப்பு, நூல், பட்டன். லேபிளை மட்டும் எண்ணிக் கொடுங்கள். பீஸ் எண்ணிக்கைக்கு மேல் கெட்டுப்போவதற்கென்று சிறிது கூடுதல், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மிச்சமான லேபிளும் கெட்டுப்போன பீசும் ஒன்று விடாமல் திரும்பி வர வேண்டும். காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு குவிந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பையரின் பெயர் தாங்கிய பீஸ் அனுமதியில்லாமல் அங்கே தொங்கினால் அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்தவர் அல்ல. குழந்தைகள் உடையானால் உடைந்த ஊசியின் துண்டுகளை ஒட்டிவைக்கும் பதிவேடு அங்கேயும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

முதல் ஐம்பது பீஸ் வந்ததும் தையலை நிறுத்தச் சொல்லி அளந்து பாருங்கள். இதைச் சொல்ல வாய் கூசும்; வயதில் மூத்தவர், தொழிலில் உங்களைவிட அனுபவசாலி என்று தயக்கம் வரும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே "ஐம்பது பீஸில் ஒருமுறை நானே வந்து பார்க்கிறேன் அண்ணா, பிறகு ஓட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பாதி ஓடிய பிறகு வந்து குறை சொல்வதுதான் மரியாதைக் குறைவு.

செக்கிங், அயர்னிங், பேக்கிங் மூன்றும் ஒரே இடத்தில் நடக்கட்டும். பல பையர்கள் ஒரே பெட்டியில் மூன்று நிறமும் கலந்து கேட்பார்கள். அங்கே இரண்டு கம்பெனியின் தையலும் அடுத்தடுத்துப் படுத்திருக்கும். வித்தியாசம் இருந்தால் அங்கேதான் தெரியும்.

இனி கூலி. பீசுக்கு எவ்வளவு, அதில் நூல் யாருடையது, திருத்தி வாங்கினால் செலவு யாருடையது, நாளுக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், தாமதமாகி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். திருப்பூரில் சம்பள நாள் சனிக்கிழமை. உங்கள் வேலையைச் செய்கிறவர் சனிக்கிழமை மாலை தன் டெய்லர்களுக்குக் காசு எண்ணியாக வேண்டும். அதனால் அந்த வாரம் வந்த பீசுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பணம் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை பணம் போடுபவர் என்ற பெயர் ஒன்று போதும். அடுத்த அவசரத்தில் உங்கள் வேலை முதலில் ஓடும்.

கணக்கை இழுத்தடிக்க நினைப்பவர்களுக்குச் சட்டமும் இடம் தரவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய பொருளுக்கும் வேலைக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று 2023இல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நீங்களும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளை வேலை செய்து கொடுப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

விலையைப் பற்றிப் பேசாதீர்கள்

டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் எப்போதாவது இந்தப் பேச்சு வரும். "நாம் ஐந்து பேரும் இந்த விலைக்குக் கீழே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும், அதுவும் அடிமாட்டு விலைக்கு ஆர்டர் போய்க்கொண்டிருக்கும் காலத்தில். எழுந்து வந்துவிடுங்கள்.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் மூன்றாவது பிரிவு, போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது, சந்தையைக் கூறு போட்டுக்கொள்வது, டெண்டரில் பேசி வைத்துக்கொள்வது ஆகியவற்றைப் போட்டிக்குக் கேடு விளைவிப்பவை என்றே முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். கூட்டாகச் செய்தது நிரூபணமானால், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து சதவிகிதம், எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். முதலில் போய் உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் வழியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து பேர் கூடிய இடத்தில் இதை நினைவில் வையுங்கள். ஏற்றுமதிக்காக மட்டுமே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் சரக்கு போய்ச் சேரும் நாட்டின் சட்டத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்துத் தொழில் செய்பவர் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த விலக்கை நம்பி இறங்க வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள். தொழில் கணக்காகப் பார்த்தாலும் பேசி வைத்த விலை நிற்பதில்லை. நாமக்கல்லைப் பாருங்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தொடங்கிய அமைப்பு. நாமக்கல் மண்டலத்துக்கு அது அறிவிக்கும் முட்டை விலை செய்தித்தாளில் வருகிறது. ஆனால் முட்டை தேங்கிப்போனால் பண்ணையாளர் அந்த விலையிலிருந்து பைசாக்கணக்கில் 'மைனஸ்' போட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். கோழி தினமும் முட்டையிடும். விலை ஏறும்வரை அது காத்திருக்காது. அறிவிக்கும் அமைப்பு இருந்தும் அங்கே அப்படி என்றால், டீக்கடையில் ஐந்து பேர் பேசிய விலை எத்தனை நாளுக்கு? யாருக்கு முதலில் வங்கித் தவணை வருகிறதோ அவர் உடைப்பார். அதன் பிறகு மற்ற நால்வருக்கும் அவரோடு எந்தக் கூட்டும் இருக்காது. நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஜாப் ஒர்க்கும் போய்விடும்.

கூலி விஷயம் வேறு. பனியன் தொழிலாளர் சம்பளத்தை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து, பேசி, ஒப்பந்தமாகக் கையெழுத்திடுவது இங்கே நீண்ட கால நடைமுறை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூலியும் ஜவுளி உற்பத்தியாளருக்கும் கூலிக்கு நெசவு செய்பவர்களுக்கும் இடையே, பெரும்பாலும் அரசு அதிகாரிகள் முன்னிலையில், பேசித்தான் முடிவாகிறது. அங்கே எதிர்த்தரப்பு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. நீங்களும் போட்டியாளரும் மட்டும் ரகசியமாக உட்காரும் பேச்சோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆளை இழுப்பது பற்றி

"என் டெய்லரை நீ எடுக்காதே, உன் டெய்லரை நான் எடுக்க மாட்டேன்" என்று முதலாளிகள் பேசி வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். நல்ல கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவது அந்தத் தொழிலாளியின் உரிமை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவரையும், தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவரையும் இரண்டு முதலாளிகள் தங்களுக்குள் கட்டிப்போடுவது அநியாயம். இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அட்வான்ஸ் பாக்கியுள்ள ஆள் வந்தால் பழைய கம்பெனிக்கு ஒரு போன் செய்து, பாக்கியை எப்படித் தீர்ப்பது என்று மூன்று பேரும் பேசிவிடுங்கள். ஆள் வருவது வரட்டும், கணக்கு நேராகட்டும். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் லைனிலிருந்து கான்ட்ராக்டரோடு இருபது பேரை ஒரே நாளில் தூக்குவதைத்தான் இந்த ஊர் மறக்காது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறகு ஆட்கள் திரும்ப ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அந்த நாட்களில் யாரிடம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டு, பாதி லைன் உள்ள இரண்டு கம்பெனிகள் ஒருவர் ஆர்டரை முதலில் முடித்து அடுத்தவர் ஆர்டருக்குப் போவது நல்ல ஏற்பாடு. புதியவர்கள் இதில் தயங்காமல் சேரலாம்.

தண்ணீர்

நீங்கள் சாயப்பட்டறை வைக்கப் போவதில்லை என்றாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். போட்டியாளர்கள் தனித்தனியே லாபம் பார்த்துப் பொதுவான ஒன்றைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் ஆற்றைவிடத் தெளிவான சாட்சி கொங்கு நாட்டில் இல்லை.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு ஏராளமாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு போய்விடும். பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் போனது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்கியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளுக்குப் பொறுப்பு உண்டு என்பதை உறுதி செய்தது. உத்தரவு சரியாக நிறைவேறவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. துணியை வெளியூர்களுக்கு லாரியில் ஏற்றிச் சாயம் போட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த உத்தரவில் ஒழுங்காக நடந்துகொண்டவர், ஏமாற்றியவர் என்று பாகுபாடு இருக்கவில்லை. இரவில் வாய்க்காலில் கழிவைத் திறந்துவிட்டவரின் மலிவான சாயக்கூலியும், சுத்திகரித்து அனுப்பியவரின் கூடுதல் கூலியும் ஒரே நாளில் பூஜ்யமாயின. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச்சவ்வூடு பரவல் (சவ்வு வழியே நீரை உப்பிலிருந்து பிரிப்பது), ஆவியாக்கிகள், உப்புக் கரைசலை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவது என்று இந்த ஊர் கற்றுக்கொண்டது பெரிய பாடம். அந்த நிலையங்களை நடத்துபவர்கள் யார்? கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லி ஒருவர் வாடிக்கையை ஒருவர் பிடிக்கும் அதே பட்டறைக்காரர்கள்தான், ஒரே குழாயில் பங்குதாரர்களாக.

உங்களுக்கு இதில் செய்ய வேண்டியது இருக்கிறது. சாயக்கூலி கேட்கும்போது ஊர் விலைக்கு மிகவும் கீழே ஒருவர் சொன்னால், அவருடைய கழிவுநீர் எங்கே போகிறது, எந்த நிலையத்தில் உறுப்பினர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி எதுவரை என்று கேளுங்கள். காகிதத்தைப் பாருங்கள். கூலியில் பேரம் பேசலாம், அது உங்கள் உரிமை. சுத்திகரிப்புச் செலவைத் தவிர்த்ததால் கிடைத்த குறைந்த விலையை வாங்காதீர்கள். அதை வாங்குபவர்கள் இருக்கும்வரை விற்பவர்களும் இருப்பார்கள், விளைவு உங்கள் தெருவுக்கும் சேர்த்துத்தான் வரும்.

சங்கம்

சேருங்கள். உள்நாட்டு வேலையானால் 1956இல் தொடங்கிய தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் (சைமா). ஏற்றுமதியானால் 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம். உங்கள் வேலைக்கேற்ப நிட்டிங், சாயம், பவர் டேபிள் என்று தனிச் சங்கங்களும் உண்டு. புதியவர் கூட்டத்துக்குப் போனால் முதல் சில முறை கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். நூல் விலை ஏற்றத்தை எதிர்த்து 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் கதவடைத்ததும், அவிநாசிக்குப் பக்கத்தில் பழங்கரை வளாகத்தில் பின்னலாடைக் கண்காட்சி நடத்தி வெளிநாட்டு பையர்களை ஊருக்கே வரவழைப்பதும் தனி ஆளால் ஆகிற காரியங்கள் அல்ல. கண்காட்சியில் ஒரே கூரையின் கீழ் நூறு கடை. பையரைக் கொண்டுவந்து சேர்ப்பது கூட்டு, கடைக்குள் வந்த பிறகு போட்டி.

கோவையில் பம்ப் செய்பவர்கள் இதை நமக்கு முன்பே செய்து காட்டினார்கள். சந்தையில் கடுமையாக மோதிக்கொள்ளும் கம்பெனிகளின் பம்புகள் சிட்டார்க் ஆய்வகத்தில் ஒரே சோதனை மேடையில் ஏறுகின்றன. ஒவ்வொரு சிறு தொழிற்சாலையும் தனக்கென்று அப்படியொரு ஆய்வகம் கட்ட முடியாது. நம் தொழிலிலும் விலை உயர்ந்த பிரிண்டிங் மெஷினோ சோதனைக் கருவியோ நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். பொது வசதி மையங்களுக்கு ஒன்றிய, மாநில அரசுகளின் மானியத் திட்டங்கள் இருக்கின்றன, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். வாங்கினால் முன்பதிவுப் புத்தகத்தை முதல் நாளே திறந்துவிடுங்கள். மெஷினுக்குப் பணம் போடுவதில் வராத சண்டை, ஷிப்மென்ட் வாரத்தில் யார் முதலில் ஓட்டுவது என்பதில் வரும். அந்தப் புத்தகத்தைப் பங்குதாரர் யாரும் வைத்துக்கொள்ளாமல், சம்பளத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவரின் டிசைன் மெஷினில் ஏறும்போது மற்றவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது என்ற விதியையும் அதே நாளில் எழுதிவிடுங்கள்.

பிரியும்போது

எந்தக் கூட்டும் ஒரு நாள் முடியும். அவர் உங்கள் பையருக்கு நேரடியாகச் செய்யத் தொடங்கலாம். நீங்களே சொந்தமாக இன்னொரு லைன் போட்டுவிடலாம். கெடு முடிந்த பிறகு அவர் பையரை அணுகினால் கோபப்படாதீர்கள். அது போட்டி, விலையிலும் தரத்திலும் பதில் சொல்லுங்கள்.

ஆனால் கணக்கை அரைகுறையாக விடாதீர்கள். ஒரு நாள் உட்கார்ந்து, கொடுத்த சாம்பிள், அளவுத் தாள், மிச்ச லேபிள், நூல், பட்டன் எல்லாவற்றையும் சலானில் எழுதித் திருப்பி வாங்குங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தில் இருக்கிறது, கணக்கில் நிற்கும் பழைய சலான்களை அப்போதே தீர்த்துவிடுங்கள். பாக்கித் தொகையில் தகராறு இருந்தால், தகராறு இல்லாத பகுதியை அன்றே கொடுத்துவிட்டு மீதியை மட்டும் சங்கத்தின் சமரசப் பேச்சுக்குக் கொண்டுபோங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.